பொத்தானுக்கும் ஒரு பெயர் வேண்டும்

கணினித் திரையில் "சேமி" என்று எழுதிய பொத்தானைக் கண்டவுடன் அது பொத்தான் என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு சிறு நீள்சதுரம், அதைச் சுற்றி மெல்லிய கோடு, நடுவே ஒரு சொல். இவ்வளவையும் கண் ஒரு நொடியில் வாசித்து, இதை அழுத்தினால் எழுதியது பத்திரமாகும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது.

அந்தக் கணினியின் முன்னால் பார்வையற்ற ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும்? கோடும் நிறமும் அவருக்குப் பயன்படா. திரையில் உள்ளதை அவர் காதில் சொல்வதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. அதைத் திரைவாசிப்பான் என்கிறோம். அது திரையை நம்மைப் போலப் பார்ப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பார்ப்பதில்லை, கேட்கிறது. "இந்த இடத்தில் என்ன இருக்கிறது?" என்று திறந்திருக்கும் செய்நிரலிடம் கேட்கும். பதில் வந்தால் அதைப் பேசும். பதில் வராவிட்டால் மௌனமாகிவிடும்.

அந்தப் பதிலைச் சொல்லவேண்டியது யார், அதை எவ்வாறு சொல்ல வைக்கிறார்கள், சொல்லாமல் விட்டால் யாருக்கு நட்டம் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். தகவல் தொழினுட்பம் படிக்கும் மாணவியரை நினைத்து எழுதினாலும், கணினி பழக்கமில்லாத பெற்றோருக்கும் விளங்கவேண்டும் என்பது என் விருப்பம்.

எழுத்துத் திரையும் படத் திரையும்

1980களில் புழக்கத்தில் இருந்த கணினிகளின் திரையில் பெரும்பாலும் எழுத்துகள் மட்டுமே இருந்தன. ஒரு வரியில் 80 எழுத்து, மொத்தம் 25 வரி. ஆக 2000 எழுத்துகள். அவை கணினியின் நினைவகத்தில் ஓரிடத்தில் வரிசையாகக் கிடக்கும். அந்த இடத்தைத் திறந்து வாசித்து, குரலாக்கும் கருவிக்கு அனுப்பினால் போதும். ஐபிஎம் நிறுவனத்தில் ஜிம் தாட்சர் இவ்வாறான ஒரு திரைவாசிப்பானை உருவாக்கினார். கார் விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் 1989இல் ஜோஸ் என்ற திரைவாசிப்பானை வெளியிட்டார். அது இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

பின்னர் சாளரங்களும் படங்களும் சுட்டியும் வந்தன. பார்வையுள்ளவர்களுக்குக் கணினி இலகுவானது. பார்வையற்றவர்களுக்கோ இருந்த வழியும் அடைபட்டது. ஏனென்றால் படத் திரையில் எழுத்து என்று தனியாக எதுவும் இல்லை. எல்லாமே நிறப் புள்ளிகள். "சேமி" என்ற சொல்லும் புள்ளிகள்தான், அதைச் சுற்றிய கோடும் புள்ளிகள்தான்.

முதலில் ஒரு தந்திரம் செய்து பார்த்தார்கள். செய்நிரல்கள் பணிசெயல் முறைமைக்கு அனுப்பும் வரைதல் கட்டளைகளை இடையில் மறித்து, எந்தச் சொல் எங்கே வரையப்படுகிறது என்று மறைவாக ஒரு பிரதி எழுதி வைத்தார்கள். அது ஓரளவு வேலை செய்தது. ஆனால் சொல் கிடைத்தாலும் பொருள் கிடைக்கவில்லை. "சேமி" என்பது பொத்தானா, தலைப்பா, விளம்பரமா என்பதை அந்தப் பிரதி சொல்லாது.

இதே காலத்தில் இந்தியாவின் புனே நகரைச் சேர்ந்த டி. வி. ராமன் வேறொரு பாதையில் போனார். பதினான்கு வயதில் பார்வையை இழந்த இவர், பம்பாய் ஐஐடியில் கணினி விஞ்ஞானம் படித்து, 1994இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளைக் குரலில் விளங்க வைப்பதே அவரது ஆய்வு. அதன் பிறகு அவர் எழுதிய ஈமாக்ஸ்பீக் என்ற மென்பொருள், திரையில் வரையப்பட்டதைப் பின்னால் நின்று வாசிக்காமல், செய்நிரலின் உள்ளேயே இருந்து பேசியது. எதை எழுதுகிறோம், எங்கே நிற்கிறோம் என்பது செய்நிரலுக்குத்தான் நன்றாகத் தெரியும், ஆகவே அதுவே பேசட்டும் என்பது அவருடைய எண்ணம்.

இன்று எல்லாப் பணிசெயல் முறைமைகளும் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டுள்ளன. செய்நிரலும் திரைவாசிப்பானும் பேசிக்கொள்வதற்குப் பொதுவான கேள்வி பதில் முறை ஒன்றை 1997இல் மைக்ரோசொஃப்ட் விண்டோஸில் கொண்டுவந்தது. பிறகு அதைவிட விரிவான ஒன்றை அமைத்தது. மக்கின்டோஷுக்கும் லினக்ஸுக்கும் அவ்வவற்றுக்குரிய முறைகள் உண்டு. கேள்வி கேட்பவர் தயார், கேட்கும் முறையும் தயார். இனிச் செய்நிரல் பதில் சொல்லவேண்டும்.

கருவித்தொகுதியின் பொறுப்பு

செய்நிரல் எழுதும் ஒருவர் பொத்தானைப் புள்ளி புள்ளியாகத் தானே வரைவதில்லை. பொத்தான், எழுதும் பெட்டி, தெரிவுப் பெட்டி, பட்டியல் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருக்கும் ஒரு தொகுதியை எடுத்துப் பயன்படுத்துகிறார். தச்சர் வீடு கட்டும்போது கதவு, சன்னல்களைப் பட்டறையில் எடுத்து வந்து பொருத்துவது போல. இதை இடைமுகக் கருவித்தொகுதி என்று சொல்லலாம். ஜிடிகே, கியூடி, டிகே, டபிள்யூஎக்ஸ் என்பன இவ்வகையானவை.

இங்கேதான் விடயத்தின் உயிர்நாடி இருக்கிறது. கருவித்தொகுதியில் உள்ள பொத்தானுக்குப் பேசத் தெரிந்தால், அதைக் கொண்டு எழுதப்படும் ஆயிரம் செய்நிரல்களிலும் பொத்தான் பேசும். அதற்குப் பேசத் தெரியாவிட்டால், செய்நிரல் எழுதுபவர் எவ்வளவு நல்ல மனம் உள்ளவராக இருந்தாலும் ஆயிரத்திலும் மௌனம்தான். பட்டறையில் கைப்பிடி இல்லாமல் செய்த கதவு, எந்த வீட்டில் பொருத்தினாலும் கைப்பிடி இல்லாத கதவே.

சில தொகுதிகள் பணிசெயல் முறைமைக்குச் சொந்தமான பொத்தான்களையே வாங்கிப் பயன்படுத்துகின்றன. டபிள்யூஎக்ஸ் அப்படிப்பட்டது. அவற்றுக்குப் பேச்சு கூடவே வந்துவிடுகிறது. வேறு சில தொகுதிகள் எல்லாவற்றையும் தாமே வரைகின்றன. எல்லாக் கணினியிலும் ஒரே தோற்றம் கிடைக்கும் என்பது அதன் நன்மை. ஆனால் தாமே வரைந்ததைத் தாமே விளக்கவும் வேண்டும். டிகே என்ற தொகுதி 1980களின் இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜோன் ஔஸ்டர்ஹவுட் தொடங்கியது. எளிமையானது, பயனுள்ளது. ஆனால் நீண்ட காலமாக அதற்குத் திரைவாசிப்பானிடம் பேசத் தெரியவில்லை. தன்னார்வலர்கள் அண்மைக் காலத்தில்தான் அந்த வேலையைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

இது எங்கோ நடக்கும் விடயமென்று நினைக்கவேண்டாம். உயர்தர மாணவியர் படிக்கும் பைதன் மொழியோடு சேர்ந்து வரும் எழுதுகருவி இந்த டிகேயில் கட்டப்பட்டதுதான். என் சாச்சியின் மகள் ஒருத்தி பார்வையற்றவள். உயர்தரத்தில் இந்தப் பாடத்தை எடுக்க விரும்பினாள். அவளுக்காகத் திரைவாசிப்பானை இயக்கி, அந்த எழுதுகருவியைத் திறந்து கொடுத்தேன். சாளரத்தின் தலைப்பு மட்டும் கேட்டது. அவள் தட்டியெழுதிய வரியைத் திரும்ப வாசிக்க முயன்றபோது ஒன்றும் வரவில்லை. "ராத்தா, ஒண்டும் சொல்லுதில்லையே" என்றாள். பைதன் அவளுக்குக் கடினமாக இருக்கவில்லை, அதற்குள் நுழையும் வாசல்தான் பூட்டியிருந்தது. விண்டோஸில் உள்ள சாதாரணக் குறிப்பேட்டில் எழுதி, கட்டளைச் சாளரத்தில் இயக்கக் காட்டிக்கொடுத்ததும் அன்றைக்கே இரண்டு எண்களைக் கூட்டும் செய்நிரலை எழுதி முடித்தாள்.

உப்புக் கணக்கும் ஒரு மரமும்

பேச வைப்பது என்றால் உள்ளே என்ன செய்கிறார்கள்? நமது ஊருக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். புத்தளம் உப்பளத்தில் ஒருவர் நாளாந்தக் கணக்கு எழுத ஒரு சிறு படிவம் வைத்திருக்கிறார். அதில் நான்கு கூறுகள். "மூடைகளின் எண்ணிக்கை" எழுத ஒரு பெட்டி. "ஒரு மூடை விலை" எழுத ஒரு பெட்டி. "காசு கொடுபட்டது" என்று ஒரு தெரிவுப் பெட்டி. கடைசியாகச் "சேமி" என்ற பொத்தான்.

திரையில் வரையப்படும் படத்தோடு, கருவித்தொகுதி இன்னொன்றையும் மறைவாக அமைக்கவேண்டும். அது மரம் போன்றது. சாளரம் அடிமரம். படிவம் அதன் கிளை. நான்கு கூறுகளும் அந்தக் கிளையின் சிறு கிளைகள். ஒவ்வொரு சிறு கிளையிலும் சில விபரங்கள் எழுதப்பட்டிருக்கும்.

முதலாவது வகை: நான் பொத்தானா, பெட்டியா, பட்டியலா? இரண்டாவது பெயர்: என்னை எப்படி அழைப்பது? மூன்றாவது நிலை: தெரிவு செய்யப்பட்டிருக்கிறேனா, இப்போது பயன்படுத்த முடியாதபடி மங்கலாக்கப்பட்டிருக்கிறேனா? நான்காவது பெறுமதி: என்னுள் என்ன எழுதப்பட்டிருக்கிறது? ஐந்தாவது செயல்: என்னை என்ன செய்யலாம், அழுத்தலாமா, திறக்கலாமா? ஆறாவது இடம்: திரையில் எங்கே இருக்கிறேன்?

கற்பிட்டிக் கரையில் மீன் ஏலம் நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஏலம் கூறுபவர் என்ன மீன், எவ்வளவு, இப்போது என்ன விலை என்று சத்தமாகச் சொல்கிறார். கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவருக்கு மீன் கண்ணில் படாவிட்டாலும் விலை கேட்க முடிகிறது. மரத்தின் ஒவ்வொரு கிளையும் இப்படித் தன்னைப் பற்றிக் கூறத் தெரிந்திருக்க வேண்டும்.

இவை இருந்தால் தாவல் சாவியை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் காதில் கேட்பது இதுதான்: "மூடைகளின் எண்ணிக்கை, எழுதும் பெட்டி, 40". "காசு கொடுபட்டது, தெரிவுப் பெட்டி, தெரிவு செய்யப்படவில்லை". "சேமி, பொத்தான்". இவை இல்லாவிட்டால் கேட்பது "பெட்டி, பெட்டி, பெட்டி, பொத்தான்". எந்தப் பெட்டியில் எண்ணிக்கை, எந்தப் பெட்டியில் விலை? மூடை 40, விலை 1500 என்பது 1500 மூடையாக, 40 ரூபாயாகப் பதிந்துவிடலாம். அந்தக் கணக்குப்பிள்ளை பார்வையற்றவராக இருந்தால் வேலையே போய்விடும்.

இங்கே கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. "மூடைகளின் எண்ணிக்கை" என்ற சொற்கள் பெட்டிக்குள் இல்லை, அதன் இடப்பக்கத்தில் தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. அடுத்தடுத்து இருப்பதால் இரண்டும் சேர்ந்தவை என்று கண் ஊகிக்கிறது. திரைவாசிப்பான் ஊகிக்காது. "இந்தச் சொற்கள் இந்தப் பெட்டிக்குரிய பெயர்" என்ற உறவை மரத்தில் எழுதி வைக்கவேண்டும். பல செய்நிரல்களில் விடுபடுவது இந்த ஒரு வரிதான்.

மரத்தை ஒருமுறை நட்டுவிட்டாலும் வேலை முடிவதில்லை. படிவத்தில் ஏதாவது மாறினால் உடனே அறிவிக்கவேண்டும். "சேமி"யை அழுத்தியதும் திரையின் அடியில் "கணக்குப் பதியப்பட்டது" என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செய்தி வந்ததாகத் திரைவாசிப்பானுக்கு யாரும் சொல்லாவிட்டால், பார்வையற்றவர் பதிந்ததா இல்லையா என்று தெரியாமல் மீண்டும் மீண்டும் அழுத்துவார். ஒரே கணக்கு மூன்று முறை பதியும்.

பேச்சு மறுபக்கமும் செல்லவேண்டும். "இந்தப் பொத்தானை அழுத்து" என்று திரைவாசிப்பான் கட்டளையிட்டால், சுட்டியால் அழுத்தியது போலவே செய்நிரல் இயங்கவேண்டும். அத்தோடு சுட்டி இல்லாமல் சாவிப்பலகையால் மட்டுமே எல்லா இடத்துக்கும் போய்வர முடியவேண்டும். இந்த வசதி கைநடுக்கம் உள்ள முதியவர்களுக்கும், சுட்டி பழுதான நாளில் நமக்கும் உதவும்.

"உப்பு" என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

கருவித்தொகுதியில் மிகவும் சிரமமான பகுதி எழுதும் பெட்டிதான். தமிழில் சிரமம் இன்னும் கூடுகிறது.

"உப்பு" என்பதில் எத்தனை எழுத்து என்று தரம் 3 பிள்ளையைக் கேட்டாலும் உ, ப், பு என்று மூன்றைச் சொல்லும். யூனிக்கோட் முறையில் கணினி அதை ஐந்து குறிகளாக வைத்திருக்கிறது: உ, ப, புள்ளி, ப, உகரக் குறி. இணையத்தில் மிகுதியாகப் பயன்படும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. ஆக அதே சொல் 15 பைட்டு. மனிதருக்கு 3, யூனிக்கோட்டுக்கு 5, சேமிப்பில் 15.

இனி, "உ"வைத் தாண்டி நிற்கிறேன், அடுத்த எழுத்து என்ன என்று ஒருவர் அம்புச் சாவியை அழுத்துகிறார். கருவித்தொகுதி பைட்டுகளில் எண்ணினால் அவர் நிற்கும் இடம் 3. விண்டோஸ் குறிகளில் எண்ணுவதால் அதே இடம் அதற்கு 1. இந்தக் கணக்கை மாற்றிக் கொடுக்காமல் 3 என்றே அனுப்பினால், திரைவாசிப்பான் மூன்று குறிகளைத் தாண்டிப் போய் "ப்" என்பதற்குப் பதிலாகப் "பு" என்று சொல்லும். எழுத்துப் பிழை திருத்துபவர் தவறான எழுத்தை அழித்துவிடுவார். ஆங்கில எழுத்துகளுக்கு ஒரு பைட்டே ஒரு குறி, ஒரு குறியே ஒரு எழுத்து. ஆகவே ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. தமிழ் தெரிந்த ஒருவர் அந்த வேலையில் இருந்தால்தான் பிடிபடும். எங்கள் மாணவியர் இத்துறைக்குள் வரவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலையைச் செய்தவர்கள்

ஒரு கருவித்தொகுதி விண்டோஸ், மக்கின்டோஷ், லினக்ஸ் மூன்றிலும் ஓடுமானால், மூன்று விதமான கேள்வி பதில் முறைகளையும் அது கற்கவேண்டும். மூன்று மொழி பேசும் நாட்டில் ஒரே கடிதத்தை மூன்று முறை எழுதுவது போன்ற பாரம் இது. சிறிய தொகுதிகள் பல இதை ஒத்திப்போட்டதற்கு மனமின்மையைவிட இந்தப் பாரமே காரணம்.

பெரிய தொகுதிகளில் ஒன்றான ஜிடிகே, 2020 டிசம்பரில் வெளிவந்த தன் நான்காம் பதிப்பில் பழைய அமைப்பை விட்டுவிட்டு, இணையப் பக்கங்களுக்கென வகுக்கப்பட்ட வகை, நிலை, பண்பு என்ற ஒழுங்கைப் பின்பற்றி இதைப் புதிதாகக் கட்டியது. லினக்ஸில் பேசுவது ஓர்கா என்ற இலவசத் திரைவாசிப்பான்.

சிறிய தொகுதிகளின் பாரத்தைக் குறைக்க முன்வந்தவர் மெட் கேம்பல். குறைந்த பார்வை உடைய இவர், முன்னர் மைக்ரோசொஃப்டில் இத்துறையிலேயே பணியாற்றியவர். அவர் தொடங்கிய அக்செஸ்கிட் ஒரு பொதுவான இணைப்பு. கருவித்தொகுதி தன் மரத்தை ஒரே வடிவத்தில் அதனிடம் கொடுத்தால் போதும். மூன்று பணிசெயல் முறைமைகளுக்கும் உரியபடி மொழிபெயர்த்துக் கொடுப்பது அதன் பொறுப்பு. தொடக்கத்தில் முழு மரத்தையும் கொடுத்துவிட்டு, பின்னர் மாறிய கிளைகளை மட்டும் அனுப்பினால் போதும் என்பதால் வேகமும் குறையாது. ஈகுய் என்ற சிறிய தொகுதி ஒவ்வொரு நொடியும் பல தடவை முழுத் திரையையும் அழித்து அழித்துப் புதிதாக வரைவது. நிலையான பொத்தான் என்று எதுவும் அதனுள் இல்லை. அத்தகைய தொகுதிக்கும் 2022 டிசம்பரில் அக்செஸ்கிட் மூலம் பேச்சு வந்தது. கஷ்டம் என்று கைவிடப்பட்ட இடத்தில் முடியும் என்று காட்டிய வேலை அது.

விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை 2006இல் தொடங்கியவர் மைக்கல் கரன் என்ற அவுஸ்திரேலிய இளைஞர். அவருடன் இணைந்தவர் ஜேம்ஸ் டே. இருவரும் பார்வையற்றவர்கள். விலை கொடுத்து வாங்க முடியாதவருக்கும் கணினி கிடைக்கவேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். அதைத் தமிழ் இடைமுகத்தோடு பயன்படுத்தலாம். அதனோடு வரும் குரல் இயந்திரம் தமிழும் பேசுகிறது. குரல் சற்று இயந்திரத்தனமாக இருந்தாலும் பழகிவிட்டால் மிக வேகமாகக் கேட்கலாம். மாணவியர் அறியவேண்டிய இன்னொன்று: என்விடிஏ பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பது நீங்கள் படிக்கும் பைதன் மொழியில். அதன் சொந்தச் சாளரங்கள் டபிள்யூஎக்ஸ் தொகுதியில் அமைக்கப்பட்டவை. பார்வையற்ற இருவர் தமக்கு வேண்டிய கருவியைத் தாமே எழுதி, உலகத்துக்கும் கொடுத்தார்கள்.

பாமினியும் படமாக வரும் அறிவித்தலும்

இதே பாடம் செய்நிரல் எழுதாதவர்களுக்கும் பொருந்தும். நம் நாட்டில் இன்றும் பல தமிழ் ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகின்றன. பாமினியில் "அம்மா" என்று கண்ணுக்குத் தெரிவது, கணினியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கிறது. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திவிடுகிறது. திரைவாசிப்பானுக்குப் போர்வை தெரியாது. உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். அழகான தமிழ்க் கட்டுரை பொருளற்ற ஆங்கில ஒலியாகக் கேட்கும். யூனிக்கோடில் எழுதினால் அதே கட்டுரை தமிழாகவே ஒலிக்கும்.

வகுப்புக் குழுக்களுக்கு அறிவித்தலைப் புகைப்படமாக அனுப்புவதும் இவ்வாறே. படத்துக்குள் இருக்கும் பரீட்சைத் திகதி பார்வையற்ற தாய்க்குக் கேட்காது. படத்தோடு அதே செய்தியை எழுத்தாகவும் இரண்டு வரி அனுப்பினால் போதும்.

கடமையா, கருணையா?

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோருக்கு ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமம் இருந்தது. அவற்றுள் மிகக் கூடுதலானது பார்வைச் சிரமம், சுமார் 10 இலட்சம் பேருக்கு. வயது ஏற ஏற நம்மில் பலர் அந்தக் கணக்கில் சேருவோம். நீரிழிவால் கண் மங்கிய பெரியவர் ஒருவராவது இல்லாத குடும்பம் நமது ஊரில் குறைவு.

1912இலேயே செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோருக்கான பாடசாலை தொடங்கிய நாடு இது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அச்சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை கட்டடங்களுக்கும் வீதிகளுக்கும் மட்டுமல்லாமல் தகவல் தொழினுட்பத்துக்கும் அணுகல் வசதி வேண்டும் என்கிறது.

நமக்கோ இது சட்டத்துக்கு முன்பே தெரிந்த விடயம். அல்குர்ஆனின் 80ஆவது அத்தியாயமான சூரா அபஸ அருளப்பட்ட காரணத்தை மத்ரஸாவில் படித்த எல்லோரும் அறிவர். அறிவு தேடி வந்த பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களைப் பற்றியது அது. அவர் நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களுள் ஒருவராக இருந்தார். நபியவர்கள் பயணம் போன வேளைகளில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பார்வையற்றவரைப் பரிதாபத்துக்குரியவராக ஓரத்தில் உட்கார வைக்காமல், பொறுப்பைக் கொடுத்த வரலாறு நம்முடையது. பொறுப்பைக் கொடுப்பதென்றால் அதைச் செய்யும் கருவியையும் அவர் கைக்கு எட்டும்படி கொடுக்கவேண்டும் அல்லவா?

நாம் செய்யக்கூடியவை

மாணவியரே, நீங்கள் ஒரு செய்நிரல் எழுதி முடித்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். விண்டோஸ் சாவி, கட்டுப்பாட்டுச் சாவி, என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் உள்ள திரைவாசிப்பான் பேசத் தொடங்கும். என்விடிஏயை நிறுவிக்கொண்டால் இன்னும் நல்லது. திரையை அணைத்துவிடுங்கள். சுட்டியைத் தொடாதீர்கள். தாவல் சாவியால் மட்டும் போங்கள். ஒவ்வொரு கூறும் தன் பெயரையும் வகையையும் சொல்கிறதா? தெரிவுப் பெட்டி தன் நிலையைச் சொல்கிறதா? சேமித்ததும் செய்தி கேட்கிறதா? வந்த வழியே திரும்பிப் போக முடிகிறதா?

பெயர் வைக்கும்போதும் கவனம் வேண்டும். மூன்று பொத்தான்களுக்கும் "இங்கே அழுத்துக" என்று எழுதினால் காதுக்கு மூன்றும் ஒன்றுதான். "சேமி", "அழி", "அச்சிடு" என்று செயலையே பெயராக வையுங்கள். படம் மட்டும் உள்ள பொத்தானுக்கு மறைவாக ஒரு பெயர் எழுதுங்கள். எந்தக் கருவித்தொகுதியில் எழுதப்போகிறோம் என்று தேர்வு செய்வதற்கு முன்னரே, அதற்குத் திரைவாசிப்பானிடம் பேசத் தெரியுமா என்று பாருங்கள். எழுதி முடித்த பிறகு தொகுதியை மாற்றுவது, கட்டிய வீட்டின் அத்திவாரத்தை மாற்றுவது போன்றது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பார்வையற்ற பிள்ளைக்குக் கணினி சரிவராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கையில் இருக்கும் தொலைபேசியிலும் திரைவாசிப்பான் இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் இயக்கிக் கொடுங்கள். ஓரிரு கிழமையில் பிள்ளையின் விரல் அதற்குப் பழகிவிடும்.

என் சாச்சியின் மகள் இப்போது கட்டளைச் சாளரத்திலிருந்து மேலே ஏறி, டபிள்யூஎக்ஸ் தொகுதியில் சிறு படிவங்கள் எழுதிப் பழகுகிறாள். அவள் எழுதும் பெட்டிகளுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், நம் கல்லூரியிலிருந்து வெளியேறும் பிள்ளைகள் எழுதும் செய்நிரல்களிலும் பெயரில்லாத பொத்தான் ஒன்றுகூட இல்லாதிருக்கட்டும்.